சிசிலி: எந்த இடிபாட்டுக்குப் போவது, எதை விடுவது

அக்டோபர் 8, பாலெர்மோ

இத்தாலியின் சிசிலித் தீவு. வாடகைக் கார் கைக்கு வந்துவிட்டது. மேற்கே செஜெஸ்தா, அங்கிருந்து தெற்குக் கரையோரமாக செலினுந்தே, அக்ரிஜெந்தோ, கடைசியில் கிழக்கே சிராகூசா. நாலு இடத்திலும் கிரேக்கர் காலத்துக் கோயில் இருக்கிறது. நாலையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அண்ணியின் கட்சி வேறு. "ஒண்ணு பார்த்தா எல்லாம் பார்த்த மாதிரிதான் புள்ள. அதே தூண், அதே வெயில்." வண்டி ஓட்டப்போகும் அண்ணன், மதியச் சாப்பாடு எங்கே என்பதை மட்டும் முதலில் முடிவு செய்யச் சொல்கிறார்.

மாலையில் சலினாஸ் அருங்காட்சியகம் போனோம். செலினுந்தே கோயில்களின் நெற்றியில் இருந்த சிற்பப் பலகைகள் எல்லாம் இங்கேதான். ஒன்றில் கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸ், அரக்கி மெதூசாவின் கழுத்தை அறுக்கிறான். முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்பி வைத்திருக்கிறான், அவளைப் பார்த்தால் கல்லாகிவிடுவானே! மெதூசாவோ அந்த நேரத்திலும் தன் குட்டிக் குதிரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு கோயிலின் பலகைகளில் பெண்களின் முகமும் கைகால்களும் மட்டும் வெள்ளைப் பளிங்கு, மற்றதெல்லாம் சாதாரணச் சுண்ணாம்புக்கல்.

வெளியே வந்ததும் அண்ணி கேட்டார்: "நல்லதெல்லாம் இங்க கொண்டு வந்து வச்சிட்டாங்க. அப்புறம் அங்க போயி எதப் பாக்கப்போற?" சட்டென்று பதில் வரவில்லை.

அக்டோபர் 9, செஜெஸ்தா

போகலாம். தயங்க வேண்டாம்.

இதைக் கட்டியவர்கள் கிரேக்கரே இல்லை, எலிமியர் என்ற உள்ளூர் மக்கள். கிரேக்கப் பாணியில் கோயில் எழுப்பத் தொடங்கி, கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். 36 தூண்களும் நிற்கின்றன. நடுவில் கருவறை இல்லை, மேலே கூரையும் இல்லை. தூண்களில் வரிப்பள்ளம் செதுக்கவில்லை. படிக்கற்களில் வரிசையாகக் குமிழ் குமிழாகப் புடைத்துக்கொண்டிருப்பவை கல்லைத் தூக்கக் கயிறு மாட்டிய முளைகள். வேலை முடிந்திருந்தால் கடைசியில் செதுக்கித் தள்ளியிருப்பார்கள். முடித்த கோயிலில் இதையெல்லாம் பார்க்கவே முடியாது.

மலைமேல் இருக்கும் அரங்குக்குச் சிற்றுந்து போகிறது. பள்ளத்தாக்கு தெரிகிறது, காற்று நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அக்டோபர் 10, செலினுந்தே

கி.மு. 409-இல் வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த கார்த்தேஜ் படை இந்த ஊரை அழித்தது. மிச்சத்தைப் பூகம்பம் பார்த்துக்கொண்டது. 'இ' கோயிலை 1950-களில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். சாமி பெயர் உறுதியாகத் தெரியாததால் கோயில்களுக்கெல்லாம் எழுத்துதான் பெயர். 'ஜி' கோயில் விழுந்தபடி கிடக்கிறது. ஒவ்வொரு துண்டும் என்னைவிட உயரம். நுழைவாயிலில் தரும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால்கூட எது எங்கே இருந்தது என்று மனசில் ஓடவில்லை. கடலோரத்து உள்நகரம் வரை நடந்தோம். அடிச்சுவர்கள், தெருக்கள், உச்சி வெயில். முந்தாநாள் அருங்காட்சியகம் போகாமல் வந்திருந்தால் கடுப்பாகியிருக்கும். இங்கே மட்டும் வருவதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆனால் இங்கிருந்து 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் காவே தி கூசா இருக்கிறது. 'ஜி' கோயிலுக்குக் கல் வெட்டிய குவாரி. நாங்கள் போனபோது ஒலிவ மரங்களுக்கு நடுவே வேறு ஒரு ஆளும் இல்லை.

தூண் துண்டுகளைப் பாறையிலேயே வட்டமாகச் செதுக்கியிருக்கிறார்கள். சுற்றி ஆள் நின்று உளி பிடிக்கும் அளவுக்கு ஒரு ஒடுக்கமான பள்ளம். மேலே உருளையாகச் சீவி முடித்த கல், அடியில் இன்னும் பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில துண்டுகளில் வட்டத்தைப் போட்டுக் கொஞ்சம்போலக் கொத்தியதோடு சரி. பாறையை விட்டுப் பிரிந்த துண்டுகள் அங்கங்கே கிடக்கின்றன. ஊர் விழுந்த செய்தி வந்ததும் உளியைப் போட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். அந்தப் பள்ளத்தின் சுவரில் உளி இறங்கிய சாய்கோடுகள் விரலுக்குத் தட்டுப்படுகின்றன.

அண்ணி பள்ளத்துக்குள் இறங்கி, உருளைக்கும் பாறைக்கும் நடுவே பக்கவாட்டில் நின்று பார்த்தார். "குனிஞ்சா நிமிர முடியாது. நாள் பூரா இதுக்குள்ள எப்படி வேலை பாத்தான்?" வேறு எதுவும் சொல்லவில்லை. ஆனால் வெயில் பேச்சை அவர் எடுக்காத முதல் இடம் இது.

செலினுந்தேவில் நேரத்தைக் குறைத்து இங்கே வாருங்கள்.

அக்டோபர் 11, அக்ரிஜெந்தோ

எல்லா அஞ்சலட்டையிலும் இருக்கும் கொன்கோர்தியா கோயில் இங்கேதான். கி.மு. 430-ஐ ஒட்டிக் கட்டியது. கிட்டத்தட்ட முழுசாக நிற்கிறது. காரணம் எளிது: 6-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைத் தேவாலயமாக்கிவிட்டார்கள், அதனால் யாரும் கல்லைப் பிடுங்கவில்லை. உள்சுவரில் அப்போது குடைந்த வளைவுகள் இன்றும் இருக்கின்றன. எந்தச் சாமிக்குக் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் கிடைத்த, சம்பந்தமே இல்லாத ஒரு லத்தீன் கல்வெட்டிலிருந்து வந்த பெயர்தான் கொன்கோர்தியா.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கயிறு கட்டி உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். படத்தில் பார்த்ததையே இன்னும் பெரிதாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். கூட்டம் மொய்ப்பது கோயிலுக்கு முன்னால் கிடக்கும் பறக்கப் போய் விழுந்த புராண இளைஞன் இக்காரஸின் வெண்கலச் சிலையைத்தான். அது நம் காலத்துச் சிற்பி இகோர் மிதோராய் செய்தது. "கிரேக்கக் காலத்துச் சிலை" என்று அதன் முன் நின்று பிள்ளைக்கு விளக்கிக்கொண்டிருந்த ஒரு அப்பாவைத் திருத்தலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன்.

நான் நேரம் செலவழித்தது ஸீயஸ் கோயிலில். அது கோயிலே இல்லை இப்போது, கற்குவியல். கிரேக்கர் கட்டத் தொடங்கிய டோரிக் பாணி (அடிபீடம் இல்லாத கனத்த தூண்) கோயில்களிலேயே பெரியது. 110 மீட்டருக்கும் மேல் நீளம். கி.மு. 480-இல் சிசிலியின் வடகரை ஹிமேராவில் கிரேக்கரிடம் தோற்ற கார்த்தேஜ்காரர்களைக் கைதிகளாகக் கொண்டுவந்து வேலை வாங்கியிருக்கிறார்கள். முடியவே இல்லை, 406-இல் கார்த்தேஜ் திரும்பி வந்து ஊரையே சூறையாடியது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கல்லை அள்ளிக்கொண்டு போய் போர்த்தோ எம்பெதோக்லே துறைமுக அணையைக் கட்டியிருக்கிறார்கள். மிச்சம் கிடக்கும் கற்களின் பக்கங்களில் ஆங்கில யு எழுத்துப் போல ஆழமான பள்ளம். அதற்குள் கயிற்றைக் கோத்துத்தான் தூக்கினார்கள். கல்லைப் பக்கத்துக் கல்லோடு நெருக்கி வைத்த பிறகும் கயிற்றை உருவிவிடலாம். அண்ணன் குனிந்து அந்தப் பள்ளத்துக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்தார். "கிரேன் காரன் யோசிக்கிற மாதிரிதான் யோசிச்சிருக்கான்!"

கல்லுக்குள் கிளிஞ்சல் துணுக்குகள் அப்படியே தெரிகின்றன. அன்றைக்கு இந்தத் தேன்நிறக் கல்லை யாரும் பார்த்திருக்க முடியாது. மேலே பளிங்குத்தூள் கலந்த வெள்ளைப் பூச்சு பூசி, வண்ணமும் அடித்திருந்தார்கள்.

மாடத்தைத் தாங்கிய ராட்சத மனிதச் சிலைகளில் ஒன்று உள்ளூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, ஏழரை மீட்டருக்கும் மேல். இடத்தில் படுத்திருப்பது நகல். அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது.

அக்டோபர் 13, சிராகூசா

அண்ணிக்கு ஞாயிறு பூசை தவறக்கூடாது. ஒர்த்தீஜா தீவில் இருக்கும் பேராலயத்துக்குப் போனோம். முகப்பு 1693 பூகம்பத்துக்குப் பிறகு கட்டிய பரோக் வேலைப்பாடு. உள்ளே நுழைந்தால் சுவருக்குள் புதைந்து நிற்பவை ஏதெனா கோயிலின் தூண்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் கோயிலின் தூண் இடைவெளிகளைக் கல்வைத்து அடைத்து, கருவறைச் சுவரை வளைவு வளைவாகக் குடைந்து தேவாலயமாக்கிவிட்டார்கள். நடுவில் அரபியர் காலத்தில் பள்ளிவாசலாகவும் இருந்தது.

பூசை முழுக்க அண்ணி ஒரு தூணில் சாய்ந்து நின்றார். அடிபீடம் எதுவும் இல்லாமல் நேராகத் தரையிலிருந்தே கிளம்பும் தூண். "இது ஒண்ணுதான் உயிரோட இருக்கு" என்றார் வெளியே வந்து. கூசா குவாரி? "அது வேற" என்றார்.

பிற்பகல் கிரேக்க அரங்கு. பாறையில் குடைந்த இருக்கைகள். 1914-இல் இங்கே பழைய நாடகங்களை மறுபடி போடத் தொடங்கினார்கள். மே, ஜூனில் வந்தால் மாலையில் உட்கார்ந்து பார்க்கலாம். மற்ற மாதங்களில் வெறும் படிக்கட்டு.

ஒட்டியே இருக்கும் கல்குவாரிதான் எனக்குப் பிடித்தது. இப்போது எலுமிச்சைத் தோப்பு. இந்த ஊர்மேல் படையெடுத்து வந்து கி.மு. 413-இல் தோற்றுப்போன ஏதென்ஸ் வீரர்கள் 7,000 பேருக்குக் குறையாமல் இந்த ஊர்க் குவாரிகளில்தான் அடைபட்டிருந்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டர் அளவு தண்ணீர். ஏதென்ஸ் நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் வரிகளை ஒப்பிக்கத் தெரிந்ததால் பிழைத்தவர்களும் உண்டு என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

அக்டோபர் 14, சிராகூசா

நாளை கத்தானியா போகும்போது கொஞ்சம் வடக்கே ஏறினால் நாக்ஸோஸ். சிசிலியில் கிரேக்கர் முதலில் குடியேறிய ஊர். கி.மு. 403-இல் சிராகூசாவின் சர்வாதிகாரி தியோனீசியஸ் அதைத் தரைமட்டமாக்கினான். இருப்பது அடித்தளக் கோடுகள். மேலே மலையில் தாவோர்மீனா அரங்கு. எத்னா எரிமலை பின்னணியில் தெரியும் அந்தப் புகழ்பெற்ற படத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ரோமர்களின் செங்கல் கட்டுமானம்.

இரண்டையும் விடுகிறோம். அண்ணிக்கு ஒர்த்தீஜா சந்தையில் பிஸ்தா வாங்க வேண்டுமாம்.