தராசு வைத்துத் தின்னும் கிரனோலா

கிரனோலா என்றால் ஓட்ஸையும் கொட்டைகளையும் தேனில் பிசறி ஓவனில் மொறுமொறுவென்று சுட்டது. பாக்கெட்டில் வரும் கிரனோலாவின் பின்பக்கத்தை ஒருநாள் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து படித்துத் தொலைத்தார். அதிலிருந்து எங்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டுக்குக் கைத்தயாரிப்புதான். நான் செய்வேன். அவர் சின்னத் தராசோடு பக்கத்தில் நிற்பார்.

செய்வதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. 300 கிராம் ரோல்டு ஓட்ஸ், பாதாம், வால்நட், பூசணி விதை எல்லாமாகச் சேர்ந்து 150 கிராம், கொஞ்சம் பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. (உப்பை விட்டுவிடாதீர்கள், அப்புறம் எவ்வளவு தேன் ஊற்றினாலும் சப்பென்றுதான் இருக்கும்.) இதுவரைக்கும் வீட்டில் அமைதிதான். தேன் பாட்டிலைத் திறந்ததும் பஞ்சாயத்து கூடிவிடும்.

“எவ்வளவு ஊத்தப்போற?”

“நூறு கிராம்ங்க.”

“நூறா! தேனும் சர்க்கரைக் கணக்குலதான் வரும், தெரியுமா? உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு.”

சொல்லியிருப்பது உண்மைதான். தேனில் இருப்பதையும் சேர்த்து, ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் சர்க்கரையை நிறுத்தச் சொல்கிறார்கள். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம். ஆனால் என் நூறு கிராம் தேன் ஒரு ட்ரே முழுவதற்கும், மூன்று பேருக்கு, நாலு நாளைக்கு. நாலு நாள் வந்ததே இல்லை என்பது வேறு விஷயம். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

“தேன் இல்லாமலே பண்ணேன்” என்பார் அடுத்து.

அப்படியும் ஒரு மகராசன் செய்திருக்கிறார். 1863-ல் நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில் ஊரில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர், முழுக்கோதுமை மாவைத் தகடாகச் சுட்டு, உடைத்து, மறுபடியும் சுட்டு எடுத்தார். ராத்திரியெல்லாம் ஊறப்போட்டால்தான் பல் இறங்குமாம். நான் இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் கடைவாய்ப் பல்லை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். அங்கே ரூட் கேனல் செய்த பல் ஒன்று இருக்கிறது. நூறு கிராம் தேனுக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

ஓவன் 150 டிகிரி, சுமார் அரை மணி நேரம். பாதியில் கிளறினால் உதிரியாக வரும். கிளறாமல் கரண்டியின் அடிப்பக்கத்தால் அழுத்திவிட்டால் கட்டிகட்டியாக வரும். எங்கள் வீட்டில் கட்டிக்குத்தான் மவுசு என்பதால் அழுத்துவதில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. வாசனை கூடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் ஓட்டுப்போட வரிசையில் நிற்பதுபோல ஆளாளுக்கு வந்து நிற்பார்கள்.

வெளியே எடுத்ததும் அடுத்த வழக்கு. ஒரு விரல் ட்ரேயை அமுக்கிப் பார்க்கும். “இன்னும் வேகலையே, மெத்துமெத்துனு இருக்கு. பத்து நிமிஷம் வை.” சூட்டில் அது மெத்தென்றுதான் இருக்கும், தேனில் இருக்கும் சர்க்கரை ஆறி இறுகினால்தான் மொறுமொறுப்பே வரும். அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுத்தால் பாதாம் கருகிக் கசந்துவிடும். ஆகவே ஆறும்வரை நான் ட்ரேக்குக் காவல். உலர் திராட்சையையும் அப்புறம்தான் போட வேண்டும். ஓவனுக்குள் விட்டால் கல்லாகிவிடும், அப்புறம் ரூட் கேனல் பல்லுக்கு யார் பதில் சொல்வது?

காலையில் பார்க்க வேண்டுமே அவரை! தராசில் கிண்ணத்தை வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, 45 கிராம் அளந்து கொட்டுவார். நூறு கிராமுக்கு 450 கலோரிக்கு மேல் வருகிற பண்டம், 45 கிராமே 200-ஐத் தாண்டிவிடும் என்று மகளுக்கு வகுப்பு வேறு. கிண்ணத்தின் அடி அப்படியே தெரியும். ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு தடவை மென்று, துறவியைப்போல எழுந்து போவார்.

ராத்திரி பதினோரு மணிக்கு அடுக்களையில் ‘டக்’கென்று சத்தம் கேட்கும். கண்ணாடி ஜாடியின் மூடி. அந்த நேரத்தில் தராசு தூங்கிக்கொண்டிருக்கும். காலையில் பார்த்தால் மூடியில் பிசுபிசுவென்று ஒரு கட்டைவிரல் ரேகை, ஜாடியில் கட்டி ஒன்றுகூட இல்லை. அடியில் உதிரி ஓட்ஸும் அனாதையாக நாலு திராட்சையும்தான் கிடக்கும். கேட்டால், “ஆறினதுல தானா உடைஞ்சிருக்கும்” என்று விஞ்ஞானம் பேசுவார். மகளிடம் கேட்டால், “நான் ஒண்ணே ஒண்ணுதான்மா எடுத்தேன், மிச்சமெல்லாம் அப்பா” என்று நேராகவே காட்டிக்கொடுத்துவிடுவாள். அவள் எடுக்கிற ஒன்று உள்ளங்கை அகலம் இருக்கும் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

போன வாரம் ஜாடியைத் தூக்கி மேல் தட்டில் வைத்தேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“இனிமே கிரனோலாவே வேண்டாம். மியூஸ்லி சாப்பிடலாம். சுடவும் வேண்டாம், தேனும் வேண்டாம். பிர்ஷர்-பென்னர்னு ஸ்விட்சர்லாந்து டாக்டர் நோயாளிகளுக்கே கொடுத்தது. ஊறவெச்ச ஓட்ஸ், துருவின ஆப்பிள், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் நட்ஸ், அவ்வளவுதான்.”

மகள் போனில் தேடிப் பார்த்தாள்.

“அப்பா, இதுல இன்னொண்ணும் இருக்கே. கண்டென்ஸ்டு மில்க்.”

அவர் போனை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் படித்தார்.

“டாக்டரே போட்டிருக்காருன்னா காரணம் இல்லாமலா இருக்கும்? வீட்ல டின் இருக்கா?”