ஓய்வூதிய நிதியில் கை வையுங்கள்

பிரிட்டனில் பாலஸ்தீன உரிமைக்காக ஊர் மட்டத்தில் உழைப்பவர்களுக்குக் கிடைத்திருக்கும் வலுவான பிடி, உள்ளாட்சி ஊழியர்களின் ஓய்வூதிய நிதிதான். இஸ்ரேலிய ஆக்கிரமிப்போடு தொடர்புள்ள நிறுவனங்களில் அது போட்டிருக்கும் பணத்தை விலக்கக் கோரலாம். தகவல் அறியும் சட்டப்படி முதலீட்டுப் பட்டியலைக் கேளுங்கள். 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். சறுக்குவது இங்கேதான்: பணம் கூட்டு நிதியில் (பல நிறுவனங்களின் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் நிதியில்) இருந்தால் அந்த நிதியின் பெயர் மட்டுமே வரும். "அதற்குள் இருக்கும் நிறுவனங்கள் வாரியாக, இன்ன தேதி நிலவரப்படி" என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். வந்ததை, ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீன நிலத்தில் உள்ள இஸ்ரேலியக் குடியேற்றங்களோடு தொடர்புள்ள நிறுவனங்கள் பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2020இல் வெளியிட்டுப் பின்னர் புதுப்பித்த பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

முதலீட்டை விலக்கக் கோரும் மனுவை மேயரிடம் நீட்டிப் பயனில்லை, முடிவெடுப்பது ஓய்வூதியக் குழு. "சட்டம் இடம்தராது" என்பார்கள். அப்படித் தடுத்த அரசு வழிகாட்டுதலை 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. ஆனால் விலக்குவதால் நிதிக்குப் பெரிய நட்டம் வரக்கூடாது, ஓய்வூதிய நிதி உறுப்பினர்களின் ஆதரவும் வேண்டும். ஆகவே வழிப்போக்கர்களின் ஆயிரம் கையெழுத்தைவிட, அந்த நிதிக்குச் சந்தா கட்டும் துப்புரவுப் பணியாளர்கள், பள்ளி உதவியாளர்களின் நூறு கையெழுத்து கனமானது. தொழிற்சங்கக் கிளை வழியாகப் போங்கள்.

காசா நிவாரண வசூலை இதோடு கலக்கவே வேண்டாம். தெருவில் உண்டியல் ஏந்த உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி தேவை, லண்டனில் பெரும்பாலும் காவல்துறையின் அனுமதி. உண்டியல் முத்திரையிட்டிருக்க வேண்டும், பணம் போகும் அறக்கட்டளையின் பெயர் அதன்மேல் தெரிய வேண்டும்.