தோட்டம் தாமான் ஆனதும் வெக்கை ஏன் அடங்குவதில்லை?

மலேசியாவின் சிலாங்கூரில், செமினி பக்கம் செம்பனைத் தோட்டத்தை அழித்துத் தாமான் (வீடமைப்புப் பகுதி) கட்டிய இடங்களில், பகலைவிட ராத்திரியில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மரம் வேரில் இழுத்த தண்ணீரை இலை வழியாக ஆவியாக்குகிறது. ஒரு லிட்டர் ஆவியாக ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் செலவாகும். மரம் போனால் அந்த வெப்பம் தார்ச்சாலையிலும் சிமெண்டுச் சுவரிலும் ஏறி, இருட்டிய பிறகு மெல்ல வெளியேறும்.

அளந்து பார்க்க நினைப்பவர்கள் கைப்பேசிச் செயலியை நம்ப வேண்டாம், அது உங்கள் தெருவை அளப்பதில்லை. ஒரே மாதிரி இரண்டு தெர்மோமீட்டர் வாங்கி, முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பிறகு தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். சுவருக்கும் ஏர்கான் கம்ப்ரசருக்கும் பக்கத்தில் வைத்தால் கணக்கு கெட்டது. மழை பெய்யாத நாளில், இரவு 9 மணிக்கு, ஒன்றைத் தாமான் நடுவிலும் மற்றொன்றைத் தோட்ட ஓரத்திலும் பார்த்துக் குறியுங்கள்.

இந்த வெக்கைக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு நேரானதல்ல. சூடேறிய நிலம் காற்றை மேலே தூக்கி, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாத மாலை இடிமழைக்குத் தூண்டுதலாகும். ஆனால் அது காற்றடிக்கும் திசையில் வேறு ஊரிலும் கொட்டலாம்.

1,000 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 4,600 லிட்டர். முன்பு பெரும்பகுதியை மண் குடித்தது. இப்போது அத்தனையும் லோங்காங்குக்குத்தான் (சாக்கடைக் கால்வாய்) ஓடுகிறது. வீட்டு முன்புறம் முழுக்கச் சிமெண்டு பூசாதீர்கள், தயவுசெய்து ஒரு மரத்துக்காவது மண் விடுங்கள்.