இரட்டைக் கோபுரத்தைக் காணோம்

காலையில் கோலாலம்பூர் செந்தூல் வீட்டு பால்கனியில் துணி காயப்போடப் போனால், புகைமூட்டத்தில் இரட்டைக் கோபுரத்தையே காணோம். "சுமத்ராவில் மறுபடி காட்டை எரிக்கிறானுங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. பாதிதான் சரி அக்கா. நிலக்கரி மின்நிலையமும் கப்பலும் விடுகிற கந்தக டை ஆக்சைடும் இதில் உண்டு. அது வாயு, கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் உண்டாகும் ஹைட்ராக்சில் என்கிற துடிப்பான மூலக்கூறு அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக்கும், மேகத்துளிக்குள் போய்விட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு அதே வேலையை இன்னும் வேகமாக முடிக்கும், அப்புறம் அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் சல்ஃபேட், அதாவது ஒரு உப்பு. துகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே, கிட்டத்தட்ட ஒளியின் அலைநீள அளவு, அதனால்தான் வெளிச்சத்தை இப்படிச் சிதறடிக்கிறது.

நம்ம ஊர் ஈரம் வேறு! ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டதும் இந்த உப்பு தண்ணீரை இழுத்துக் கரைந்து துளியாக உப்பிவிடும், மூடாத டப்பாவில் கல்லுப்பு கசிகிற மாதிரி. விடியற்காலையில் மங்கல் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐபியு, அதாவது காற்று மாசுக் குறியீடு, 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை. 2018இலிருந்து அந்தக் கணக்கில் 2.5 மைக்ரானுக்குட்பட்ட நுண்துகளான பிஎம் 2.5உம் சேர்ந்திருக்கிறது, நல்லவேளை.

துணி ஹாலில் காய்கிறது.