மடலுக்கு லீவு

திருப்பூரில் வரி ஆலோசகர் அலுவலகம் நடத்துகிறவர்களுக்கு மாதம் என்பதே தேதிகள்தான். 7 டிடிஎஸ் (பிடித்த வரியைக் கட்டுவது), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு), 14 அன்று 2பி (வாங்கியதற்கான வரிப் பட்டியல்) வந்து விழும், 15 பிஎஃப், 20 அன்று 3பி (மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன்). இவற்றுக்கு நடுவே ஞாயிறு காலைதோறும் என் மின்மடலும் போய்க்கொண்டிருந்தது. அந்த வாரம் சட்டத்தில் என்ன மாறியது, அதனால் நம்ம ஊர் நிட்டிங், டையிங், கட்டிங் யூனிட்காரர்களுக்கு என்ன ஆகும் என்று தமிழில் எழுதுவேன். சில வருஷம் எழுதினேன். 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி விகித மாற்றம் பற்றி எழுதி முடித்த கையோடு நிறுத்தி வைத்தேன்.

கேட்பவர்களிடம் நேரமில்லை என்று சொல்லிவிடுகிறேன். பொய்யில்லை, ஆனால் அது மட்டும் இல்லை. மடல் என் படிப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அரசிடமிருந்து ஒரு நோட்டிஃபிகேஷன் (அறிவிக்கை) வந்தால் இரண்டாவது பத்தியைத் தாண்டுவதற்குள் மனசு தலைப்புத் தேட ஆரம்பித்துவிடும். வரிச் சட்டத்தில் காசு இருக்கிற இடம் கடைசியில் வரும் புரொவைசோவில், அதாவது விதிவிலக்குச் சொல்லும் பகுதியில். எது யாருக்குப் பொருந்தாது என்று அங்கேதான் சொல்லியிருப்பார்கள். மடல் எழுதும் கைக்கு அந்த வாக்கியம் எப்போதும் இடைஞ்சல். சுவாரசியத்தைக் குறைக்கும், ஆகையால் கீழே தள்ளத் தோன்றும்.

வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு வந்தபோது இதை நன்றாகவே பார்த்தேன். குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் அந்தச் செலவை அந்த வருஷம் கழிக்க முடியாது, பணம் கொடுத்த வருஷத்தில்தான் கழிக்கலாம். 2023-24 கணக்கிலிருந்தே அமல். நூல் கடனும் துணிக் கடனும் மூன்று மாதத் தவணையில் ஓடும் ஊரில் இது என்ன பாடு படுத்தியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் அனுப்பியதிலேயே அதிகம் கைமாறிய மடல் அதுதான். ஆனால் வாங்கி விற்கும் வியாபாரி உத்யம் சான்றிதழ் (குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு) வைத்திருந்தாலும் இந்தப் பாதுகாப்புக்குள் வருவதில்லை என்ற பகுதி மடலின் அடியில் இருந்தது. பாதிப் பேருக்கு அது கண்ணிலேயே படவில்லை.

அதற்கு ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. 102 கேபி-க்கு மேல் போகும் மெயிலை ஜிமெயில் பாதியில் வெட்டிவிட்டு, மீதியைப் பார்க்க ஒரு சின்ன இணைப்பை மட்டும் கீழே வைக்கும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு. 'திருப்பூர்' என்று தமிழில் எழுதினால் 30 பைட், ஆங்கிலத்தில் 8. இதோடு வடிவமைப்பு நிரலும் சேர்ந்தால், அதே விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு வராத வெட்டு நமக்கு வந்துவிடும். எது அடியில் இருக்கிறதோ அது போகும். அடியில் இருந்தது புரொவைசோ.

சரி, நிறுத்துவோம் என்று முடிவு செய்தேன். சந்தா வாங்கி நடத்துகிறவர்களுக்குச் சில தளங்களே வழி வைத்திருக்கின்றன. சப்ஸ்டாக்கில் பில்லிங்கை நிறுத்தி வைக்கலாம், நின்ற நாட்கள் சந்தாவின் முடிவில் சேர்ந்துகொள்ளும். என்னுடையது இலவசம். பணப் பாக்கி கிடையாது, ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டால் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பழைய மடல்கள் லீவு எடுப்பதில்லை. அக்டோபரில் ஒரு ரெடிமேட் கடைக்காரர் கூப்பிட்டார். "ஏனுங்க மேடம், 1,200 ரூபா சட்டைக்கு 12 பர்சென்ட்டுன்னு நீங்கதானுங்களே எழுதியிருந்தீங்க?" எழுதியிருந்தேன், 2023-இல். அப்போது 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. அவர் கையில் இருந்தது வாட்ஸாப்பில் யாரோ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட். தேதி இருந்த மேல்பகுதி அதில் இல்லை. அந்த 12-ஐ நம்பி பில் போட்டிருந்தால், வசூலித்ததை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும். வாங்கினவர் ஏன் கூடுதலாக வாங்கினாய் என்று சண்டைக்கு வருவார்.

வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தவரை புதிய மடல் பழையதை மூடிக்கொண்டே வந்திருக்கிறது. நின்றதும் எல்லாம் ஒரே வயதில் நிற்கின்றன. ஆகவே எழுதாத ஞாயிறுகளில் பழைய மடல்களைத் திறந்து, ஒவ்வொன்றின் மேலும் 'இது 22.9.2025-க்கு முந்தைய வரி விகிதம்' என்று போட்டுக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் இருப்பதைத்தான் திருத்த முடியும், மெயில்பெட்டிக்குப் போனது போனதுதான். சட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தேதியை மேலே ஓர் ஓரத்தில் வைக்காமல் ஒவ்வொரு அட்டவணைக்குள்ளும் வைக்க வேண்டும் என்பது இப்போது என் கட்சி. வெட்டி எடுத்தாலும் தேதி கூடவே போகும்.

அலுவலகத்தில் ஜூனியர் பெண் ஒருத்தி, "ஏஐ-ல போட்டா அஞ்சு நிமிஷத்துல வந்துருமேக்கா" என்றாள். வரும். எழுதுவது எனக்கும் பெரிய கஷ்டமாக இருந்ததில்லை. எழுதினது சரியா என்று மூல நோட்டிஃபிகேஷனோடு வரி வரியாக ஒத்துப் பார்ப்பதில்தான் சனிக்கிழமை ராத்திரி போகும். அதை யாரிடம் கொடுப்பது? கெடு தேதிகளை மட்டும் அவள் மாதம் ஒருமுறை அனுப்புகிறாள். நான் பார்த்த வரையில் அதற்குத்தான் நன்றி சொல்லிப் பதில் அதிகம் வருகிறது. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

திரும்பி வரும் தேதியை அறிவிக்கவில்லை. எங்கள் தொழிலில் தேதி சொன்னால் அது டியூ டேட். 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம், மடலுக்கு அந்த வசதிகூட இல்லை. ரொம்ப நாள் விட்டாலும் ஆபத்து. ஆள் யாரென்று மறந்துபோனவர்கள் ஸ்பேம் என்று ஒரு அழுத்து அழுத்துவார்கள், அப்புறம் மற்றவர்களுக்கும் போய்ச் சேராது. டிசம்பர் 31-க்குள் ஜிஎஸ்டிஆர்-9 (ஆண்டு ரிட்டர்ன்) எல்லாம் போட்டு முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு எழுதினால் மாதம் ஒன்று, வெட்டுப்படாத நீளத்தில், புரொவைசோவை முதல் பத்தியில் வைத்து.