அடுப்பின் அடியில் காற்று: சாட்ஸ்வர்த் வேலைக் குறிப்புகள்

செப்டம்பர் 1, 2025, திங்கள்

பெரியம்மா வீட்டுச் சமையலறையை அளந்துவிட்டு வந்தேன். புரட்டாசி 17ஆம் தேதி பிறக்கிறது. அதற்குள் பழைய நான்கு தட்டு மின் அடுப்பு வெளியேறி, இண்டக்‌ஷன் அடுப்பு மேடைக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். "மீனும் கறியும் ஏறாத அடுப்பில்தான் இந்த வருஷம் விரதம் தொடங்க வேண்டும், தம்பி" என்றார். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புரட்டாசிக்கென்றே பாத்திரங்களைத் தனியாக எடுத்து வைக்கும் வீடுகள் உண்டு. பெரியம்மாவும் அப்படித்தான். அவர் கேட்பது எனக்குப் புரிகிறது.

1960களில் நகரசபை கட்டிய வீடு. நகரசபையின் இந்தியத் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பேரக்ஸ் குடியிருப்பிலிருந்து, டர்பனின் புறநகரான இந்தச் சாட்ஸ்வர்த்துக்குக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களில் பெரியப்பாவுடையதும் ஒன்று. சமையலறை ஒடுக்கம். சுவரும் நேராக இல்லை. மேடையின் ஒரு முனை சுவரோடு ஒட்டி நிற்கிறது, மறுமுனையில் விரல் நுழைகிறது. மேடை 600 மில்லிமீட்டர் ஆழம், 32 மில்லிமீட்டர் கனம், லாமினேட் ஒட்டிய சிப்போர்டு, அதாவது மரச்சில்லுகளை அழுத்திச் செய்த பலகை. அடுப்பு இறங்க வேண்டிய பெட்டி 600 அகலம், அதில் மூன்று இழுப்பறைகள்.

செப்டம்பர் 3, புதன்

இரவு கையேட்டை விரித்து உட்கார்ந்தேன். அடுப்பின் மேல்கண்ணாடி 590க்கு 520, மேடையில் வெட்ட வேண்டிய திறப்பு 560க்கு 490. எல்லாரும் இந்த எண்களோடு கையேட்டை மூடிவிடுகிறார்கள். வேலையின் உயிர் அடுத்த பக்கத்தில், அடுப்பைக் குறுக்காக வெட்டிக் காட்டும் படத்தில் இருக்கிறது.

இந்த அடுப்பில் கண்ணாடிக்குக் கீழே செப்புக் கம்பிச் சுருள்கள் உள்ளன. அவற்றில் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கும் மேல் அலையும் மின்னோட்டம் பாய்கிறது. அதன் காந்தப்புலம் பாத்திரத்தின் அடித்தகட்டில் சுழல் மின்னோட்டத்தை எழுப்ப, பாத்திரம் தானே சூடாகிறது. ஆனால் அந்த மின்னோட்டத்தை உண்டாக்கும் மின்னணுப் பலகையும் வேலை செய்யச் செய்யச் சூடாகும். மேலே கொதிக்கும் பாத்திரத்தின் வெப்பமும் கண்ணாடி வழியே கீழே இறங்கும். இரண்டையும் தணிக்க உள்ளே இருப்பது ஒரு சின்ன விசிறி மட்டுமே. அந்த விசிறிக்குக் குளிர்ந்த காற்று வர ஒரு வழி வேண்டும், சூடான காற்று போக இன்னொரு வழி வேண்டும். மேடைக்குள் அடுப்பு பதிப்பது என்றால் இந்த இரண்டு வழிகளைக் கட்டுவதுதான்.

கணக்குப் போட்டேன். அடுப்பின் உடல் கண்ணாடிக்குக் கீழே 52. மேடையின் கனம் 32 போனால் 20 கீழே தொங்கும். அதற்கடியில் குறைந்தது 25 வெறும் காற்று. அதன் கீழே, இழுப்பறையை அடுப்பிலிருந்து பிரிக்கும் 16 மில்லிமீட்டர் தடுப்புப் பலகை. ஆக, மேடையின் அடிப்பக்கத்திலிருந்து 61 மில்லிமீட்டருக்கு இழுப்பறை எதுவும் வரக்கூடாது. இங்கோ மேல் இழுப்பறை 40இலேயே தொடங்குகிறது. இப்போது பலரும் விரும்பும் 20 மில்லிமீட்டர் கல் மேடையாக இருந்தால் உடல் இன்னும் 12 கீழே இறங்கியிருக்கும். மேடை மெலியும் அளவுக்குக் கீழே இடம் பறிபோகிறது என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

பெரியம்மாவின் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். போன வருஷம் வைத்த அடுப்பு பாதிச் சமையலில் வலுக் குறைந்து, பிறகு ஓர் எழுத்தையும் எண்ணையும் காட்டிவிட்டு அணைந்துவிடுகிறதாம். அடுப்பை மாற்ற வேண்டும் என்று முடிவே செய்துவிட்டார்.

மேல் இழுப்பறையைத் திறந்தேன். விளிம்பு வரை துணிகள், அலுமினியத் தாள் சுருள், மாவுப் பை. தடுப்புப் பலகை இல்லை. இழுப்பறையைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு கைத்துண்டு விசிறியின் வாயில் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டியின் பின்பலகையில் ஒரு துளைகூட இல்லை. முன்பக்கமும் இறுக்கம். விசிறி தான் வெளியே தள்ளிய வெந்த காற்றையே மறுபடி இழுத்துக்கொண்டிருக்கிறது. அணைந்துபோவது கோளாறன்று. மின்னணுப் பலகை எரிந்துபோகாமல் அடுப்பு தன்னைக் காத்துக்கொள்கிறது.

துண்டை எடுத்தேன், இழுப்பறையை வெளியே வைத்தேன், ஒரு பானைத் தண்ணீரை முழு வலுவில் ஏற்றினோம். அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. நல்ல அடுப்பைத் தூக்கி எறிய இருந்தார்கள் என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. பொருத்தியவர் காற்றைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதுமே!

செப்டம்பர் 6, சனி

காலையில் பெரியம்மாவோடு சாட்ஸ்வர்த்தின் காய்கறிச் சந்தையான பங்களாதேஷ் மார்க்கெட். கீரை, முருங்கைக்காய், ஒரு பை பீன்ஸ். வீட்டுக்கு வந்ததும் காந்தத்தை எடுத்துக்கொண்டு பாத்திர அலமாரிக்குப் போனோம். ஹார்ட் கம்பெனி அலுமினியப் பானைகள் ஒன்றிலும் காந்தம் ஒட்டவில்லை. அலுமினியமும் செம்பும் இந்த அடுப்புக்கு ஆகாது. அடியில் இரும்புத் தகடு சேர்த்துச் செய்திருந்தால் மட்டும் ஆகும். பீங்கான் பூச்சுப் பானை ஒட்டியது. தோசைக்கல் நன்றாக ஒட்டியது. மூன்று கால் போய்க்கிப் பானை இரும்புதான், ஆனாலும் தட்டையான அடி இல்லாததால் பயனில்லை. உருண்டை அடி வாணலிக்கும் அதே கதி.

பெரியம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பானைகளில் சில அவர் கல்யாணத்துக்கு வந்தவை. அவை கேஸ் அடுப்புக்கு இருக்கட்டும் என்றேன். 2023இல் மின்வெட்டு, நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போகும் ஆறாம் நிலை வரை போனதை யாரும் மறக்கவில்லை. கேஸ் அடுப்பு இல்லாத வீடு இங்கே இருக்கக்கூடாது. வீட்டில் பெரிய அண்டாவில் பிரியாணி செய்தாலும் வெளியே கேஸில்தான்.

செப்டம்பர் 8, திங்கள்

மேல் இழுப்பறை குறித்து நீண்ட பேச்சு.

"கரண்டி எல்லாம் எங்கே வைப்பேன்?"

"மேல் இழுப்பறையிலேயே, பெரியம்மா. அதைத் தாழ்த்திவிடுகிறேன். ஆழம் கொஞ்சம் குறையும்."

"முகப்பு மாறக்கூடாது. மூன்றும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும்."

அது நியாயமான கோரிக்கை. முகப்பைத் தொடாமல், உள்ளே இருக்கும் மேல் இழுப்பறையின் பக்கப்பலகைகளை மட்டும் 30 மில்லிமீட்டர் அறுத்துத் தாழ்த்தினேன். கரண்டிகள் படுத்தபடி இருக்கும், குவித்து வைக்க முடியாது. அலுமினியத் தாளும் பூச்சிமருந்து ஸ்பிரேயும் இந்த இழுப்பறைக்குள் வரவே கூடாது என்றும் சொன்னேன். பெரியம்மா இரண்டு தரம் கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்டார்.

தடுப்புப் பலகையைத் திருகாணியில் வைத்திருக்கிறேன். பழுதுபார்க்க வருபவர் அதைக் கழற்ற வேண்டியிருக்கும், ஆகவே பசை போடவில்லை. பெட்டியின் பின்பலகையில் மேல்விளிம்பு நெடுக 50 மில்லிமீட்டர் பட்டையை அறுத்து எடுத்தேன். சுவர் கோணலாக இருப்பது இங்கே உதவியது. பின்னால் காற்று ஏறிவர ஏற்கெனவே இடம் இருக்கிறது.

செப்டம்பர் 11, வியாழன்

வெட்டும் நாள். சுவரிலிருந்து திறப்பின் பின்விளிம்புக்கு 50 விட்டேன். அதன்பின் 490. முன்னால் மேடைக்கு 60 மிஞ்சுகிறது. அதற்குக் குறைந்தால் அந்த ஒடுங்கிய பட்டை பாரம் தாங்காது. கோடு கிழிக்கும் முன்பே பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். முன்பக்கச் சட்டம் படுக்கையாக, திறப்பின் வழியிலேயே கிடந்தது. அதைக் கழற்றி நிமிர்த்தி வைத்து, மேடைக்கும் அதற்கும் நடுவே 5 மில்லிமீட்டர் சந்து விட்டேன். இந்த மாடலில் சூடான காற்று வெளியேறும் வழி அதுதான்.

நான்கு மூலைகளிலும் முதலில் 10 மில்லிமீட்டர் துளை. கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கும், கல்லில் இன்னும் மோசம். கோட்டின் மேல் காகித நாடா, கீழ்நோக்கி அறுக்கும் பிளேடு பூட்டிய ஜிக்சா மின்ரம்பம். கடைசி வெட்டுக்கு முன் அடியில் முட்டுக் கொடுத்தேன். துண்டு தானாக விழுந்தால் லாமினேட்டையும் கிழித்துக்கொண்டு போகும்.

வெட்டுமுகம் முழுக்க வார்னிஷ், காய்ந்ததும் இன்னொரு பூச்சு. டர்பன் ஈரத்தில் பூசாத சிப்போர்டு ரொட்டியைப் போல ஊதும். அப்படி ஊதிய மேடையைத் திரும்பச் சரிசெய்யவே முடியாது.

செப்டம்பர் 12, வெள்ளி

பதிவு பெற்ற மின்பணியாளர் வந்தார். அடுப்பு 7.2 கிலோவாட். 230 வோல்ட்டில் 31 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். பழைய கம்பியை நம்ப அவர் தயாராக இல்லை, நானும் இல்லை. 6 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி புதிதாக இழுத்து, மின்பலகையில் தனி பிரேக்கர் வைத்து, அடுப்புக்கு நேர் மேலே இல்லாமல் பக்கச் சுவரில் தனிச் சுவிட்சும் மாட்டினார். அளந்து பார்த்துச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். வீட்டு இணைப்பில் மாற்றம் செய்தால் அந்தத் தாள் இல்லாமல் விடக்கூடாது. 2009ஆம் ஆண்டின் மின் நிறுவல் விதிகள் அதைத்தான் கேட்கின்றன.

செப்டம்பர் 13, சனி

இறக்கியாயிற்று. கண்ணாடி விளிம்பின் அடியில் அடுப்போடு வந்த பஞ்சு நாடா மட்டும். சிலர் சிலிகான் பூசி ஒட்டிவிடுகிறார்கள். பிறகு கழற்றும்போது கண்ணாடி உடையும்.

நான்கிலும் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து முழு வலுவில் முக்கால் மணி நேரம் ஓடவிட்டேன். முன் சந்தில் மெல்லிய காகிதத்தைப் பிடித்தால் வெளிப்பக்கமாகப் படபடத்தது. இழுப்பறைக்குள் கையை விட்டேன். கரண்டிகள் குளிர்ச்சியாகவே இருந்தன. அடுப்பு வலுக் குறையவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

பெரியம்மா பால் காய்ச்சினார், பிறகு உளுந்து வடைக்கு எண்ணெய் வைத்தார். சூடு சட்டென்று ஏறுவது அவருக்குப் புதிது. ஏழில் வைத்தால் போதும், ஒன்பது வேண்டாம் என்று தானே கண்டுகொண்டார். பருப்பைத் தாளித்துவிட்டு, "இது கை சொன்னதைக் கேட்கிறது" என்றார்.

கையேடு, மின் சான்றிதழ், இடைவெளிகள் எல்லாம் குறித்த என் படம் மூன்றையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அக்காவின் வேலையை வரும் சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறேன். பின்பலகையில் பட்டை அறுக்க வேண்டும், தடுப்புப் பலகை போட வேண்டும், இழுப்பறையைத் தாழ்த்த வேண்டும். புது அடுப்பு வாங்க வைத்திருந்த பணத்தில் அவர் இரும்பு அடி வைத்த பானைகள் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.