ஐஸ் ஹவுஸ் பக்கம்

பிப்ரவரி 3
திருவல்லிக்கேணியில் அறை கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். அம்மாவுக்கு இன்றும் காய்ச்சல் இறங்கவில்லை.

பிப்ரவரி 4
பார்வை நேரம் முடிந்ததும் கடற்கரைச் சாலைக்கு வந்து ஐஸ் ஹவுஸ் என்கிற அந்த வீட்டின் எதிரே நின்றேன். முகப்பு அரைவட்டமாக வளைந்து முன்னே வருகிறது. வரிசையாக ஜன்னல்கள். எந்த ஜன்னல் என்று அம்மாவைக் கேட்க வேண்டும். அத்தைப்பாட்டி பதினோரு வயதில் வந்து இறங்கிய வீடு இது.

பிப்ரவரி 5
ஸ்கேன் நாளைக்காம்.

பிப்ரவரி 6
ஸ்கேன் எடுத்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் இன்று கூட்டம். 1897ல் இதே தேதியில்தான் விவேகானந்தர் இங்கே வந்து தங்கினார். ஒன்பது நாள். அதையே வருடாவருடம் நவராத்திரியாகக் கொண்டாடுகிறார்கள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். சந்தோஷமாக இருப்பவர்கள் நடுவில் நிற்க இன்று முடியவில்லை.

பிப்ரவரி 7
தூக்கம் இல்லை. தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நர்ஸ் பஞ்சை நனைத்து அம்மாவின் உதட்டில் ஒற்றினாள். "ஒரு துண்டு ஐஸாவது குடேன்" என்றாள் அம்மா. கேட்டு வந்து நாக்கில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

பாஸ்டன் வியாபாரி டூடர் 1842ல் இந்த வீட்டைக் கட்டியதே ஐஸுக்காகத்தான். அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பாளங்கள், மரத்தூளில் பொதிந்து, ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் வரும். சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. அலைக்கு நடுவே, கயிற்றால் பலகை தைத்த மசூலா படகுகளில் இறக்கிக் கரை சேர்க்க வேண்டும். கரைந்தது போக மிஞ்சியது வெள்ளைக்காரர்களுக்கும் வசதிபடைத்தவர்களுக்கும். இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் இந்த வியாபாரம் படுத்துவிட்டது. கல்கத்தா, பம்பாய் கிடங்குகள் போய்விட்டன. இது ஒன்றுதான் மிச்சம்.

பிப்ரவரி 8
கஞ்சி குடித்தாள். அரை டம்ளர்!

பிப்ரவரி 10
டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் காலையிலிருந்து. அந்த வீட்டின் ஏலத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிடங்குக்கு ஜன்னல் எதற்கு? வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கிய பிறகுதான் வராந்தாக்களும் ஜன்னல்களும் வந்தன. காசில் கெர்னன் என்று ஒரு நீதிபதியின் பேரை வைத்தார். ராமகிருஷ்ணரின் சீடர் சுவாமி ராமகிருஷ்ணானந்தருக்கு மடம் நடத்த இடமும் கொடுத்தார். ஐயங்கார் காலமான பிறகு 1906ல் வீடு ஏலத்துக்கு வந்தது. உள்ளே விலை ஏறிக்கொண்டிருக்க, ராமகிருஷ்ணானந்தர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். யார் வாங்கினால் என்ன, குருமகராஜுக்கு ஒரு சின்ன அறை போதும் என்றாராம். எனக்கு அந்த மனசு வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன்.

பிப்ரவரி 11
தம்பி போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 12
உள்ளே போய்ப் பார்த்தேன். விவேகானந்தர் தங்கிய அறையில் தியானம் செய்கிறார்கள். மனசு கொஞ்சம் அடங்கியது, உண்மை. ஆனால் என் கண் பெண்களைத்தான் தேடியது.

சகோதரி சுப்புலட்சுமி, தானும் குழந்தை விதவை, 1911ல் பட்டம் வாங்கியவர், தலை மழித்த சிறுமிகளை இங்கே கொண்டுவந்து படிக்கவைத்தார். 1917ல் அரசு வாங்கிய பிறகு இருபது ஆண்டுக்கு மேல் இது அவர்கள் வீடு. வீட்டுக்குள் மூலையில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகள் இந்த மாடியில் பாடம் ஒப்பித்தார்கள், டீச்சர் ஆனார்கள். 1963ல் விவேகானந்தர் இல்லம் என்று பேர் வைத்தது நியாயம்தான். ஆனால் இந்த வீடு செய்ததிலேயே பெரிய காரியம் இந்தப் பெண்கள். இதை யாரிடமும் அடித்துச் சொல்வேன். அத்தைப்பாட்டியின் சம்பளத்தில்தான் அம்மா காலேஜ் போனாள்.

பிப்ரவரி 13
அத்தைப்பாட்டியின் ஜன்னல் எது என்று கேட்டேன். "மேல்மாடி, கடலைப் பார்த்தது. முதல் ராத்திரி அலைச் சத்தத்தில் பயந்து அழுதாளாம். அப்புறம் லீவுக்கு ஊருக்குப் போனால் அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கமே வராதாம்" என்றாள் அம்மா. இவ்வளவு பேசிய பிறகு மூச்சு வாங்கியது.

பிப்ரவரி 14
காய்ச்சல் மறுபடியும்.

பிப்ரவரி 15
நாளை காலை ஆபரேஷன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ரத்தம் இரண்டு யூனிட் ஏற்பாடு செய்யச் சொல்கிறார்கள். தம்பி இரவு ரயிலில் வருகிறான். ஐந்து மணிக்கெல்லாம் வார்டில் இருக்க வேண்டும்.